கேட்பவரிடம் தொடங்கும் உண்மை

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனவிழிப்புப் பயிற்சி கொடுத்தால் அவர்களுடைய மனநலம் மேம்படும் என்ற நம்பிக்கை இந்த நூற்றாண்டில் பல நாடுகளின் கல்வித் துறைகளில் வேரூன்றிவிட்டது. மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் பலரும் அறிந்த பயிற்சிதான் இது: இப்போது நடப்பதன் மீது கவனத்தை வைப்பது, மனதில் எழும் எண்ணத்தையும் உணர்ச்சியையும் உடனே நல்லது கெட்டது என்று தீர்த்துவிடாமல் பார்ப்பது. 2022 ஜூலையில் இந்த நம்பிக்கைக்குப் பலத்த அடி விழுந்தது. 'மிரியட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வின் முடிவுகள் அப்போதுதான் பிரிட்டனில் வெளிவந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லெம் கைக்கன் தலைமையிலான குழு 85 பள்ளிகளில் படித்த 8,376 மாணவர்களை இந்த ஆய்வில் சேர்த்திருந்தது. பள்ளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் முதலில் தாங்கள் மனவிழிப்பைக் கற்றுக்கொண்டு, பிறகு 10 பாடங்களாக அதை மாணவர்களுக்கு நடத்தினார்கள். மறுபாதியில் வழக்கமான சமூக, உணர்ச்சிக் கல்வி தொடர்ந்தது. மனச்சோர்வுக்கான வாய்ப்பு, பழகும் விதம், நலவாழ்வு என்ற மூன்று அளவுகோல்களில் எதிலும் மனவிழிப்பு கற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னே நிற்கவில்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலின் விளிம்பில் இருந்த பிள்ளைகளுக்கு அது சிறிது பாதகமாகக்கூட இருந்திருக்கலாம் என்பதற்கும் அறிகுறிகள் தென்பட்டன.

இந்த முடிவைப் படித்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். மனவிழிப்பு என்பதே காலத்தின் மோகம், அதைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடலாம் என்றார்கள் ஒரு சாரார். பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவில்லை, செய்திருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்றார்கள் மறு சாரார். வீட்டுப் பயிற்சி மிகக் குறைவாகவே நடந்தது என்பது ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் 12 வயதுப் பிள்ளை தானாக மனமுவந்து செய்யாத ஒன்றை இன்னும் அதிகமாகச் செய்யச் சொல்வது தீர்வாகாது. இரு சாராரும் அதிகம் பேசாத ஒரு செய்தி அதே ஆய்வில் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் பணிச்சோர்வு ஓரளவு குறைந்தது. பள்ளியின் சூழல் குறித்த மதிப்பீடுகளும் கொஞ்ச காலத்துக்கு உயர்ந்தன. மாணவரின் மனதுக்குள் தேடிய பலன் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்த சிறு பலனும் பெரியவர்களிடத்தில், ஆட்களுக்கு இடையிலான உறவுகளில்தான் தென்பட்டது. இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு என் ஊகம்தான். ஆய்வாளர்கள் நேரடியாக நிறுவியது அல்ல. ஆனாலும் வேறு சான்றுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது வலுப்பெறுகிறது. இளையோருக்கு மனவிழிப்பைத் தனி மனதை அமைதிப்படுத்தும் உத்தியாகக் கொடுத்தது தவறு. அதைப் பேச்சுக்கான பயிற்சியாக, உண்மையையும் கனிவையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கப் பழகும் பயிற்சியாகக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை முதலில் கற்க வேண்டியவர்கள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்கும் இடத்தில் இருக்கும் பெரியவர்கள்.

தனி மனதின் உத்தியாக மனவிழிப்பு உருமாறியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் பாடமுறையின் மூலவடிவத்தை ஜான் கபாட்-ஸின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கினார். அவரிடம் வந்தவர்களில் பலர் தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகள். மருந்து ஓரளவுக்கு மேல் உதவாத நிலையில், வலியோடு இருக்கும் விதத்தை மாற்றிக்கொள்ள அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வலி ஒருவருடைய உடலுக்குள் நடப்பது. ஆகவே பயிற்சியும் படுத்துக்கொண்டு உடலின் ஒவ்வொரு பகுதியையும் கவனிப்பது, மூச்சைக் கவனிப்பது என்று உள்நோக்கியே அமைந்தது. அந்த எட்டு வாரப் பாடத்தில் உரையாடலுக்கும் ஒரு வாரம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பாடத்தின் முதுகெலும்பு தனியாள் பயிற்சிதான். மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கு வந்தபோது மனவிழிப்பு இந்த வடிவத்தோடுதான் வந்தது. வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு தனித்தனியாக அமர்ந்திருந்தார்கள். 13 வயதுப் பிள்ளையின் துன்பமோ பெரும்பாலும் ஆட்களுக்கு நடுவில் பிறக்கிறது. தோழி பேசாமல் போனது, வகுப்பில் கேலிக்கு ஆளானது, மதிப்பெண்ணை வீட்டில் மறைத்தது எல்லாமே பேசப்பட்ட அல்லது பேசப்படாத சொற்கள்.

மனவிழிப்பு வேர்கொண்ட பௌத்த மரபிலேயே ஓர் இளம் பிள்ளைக்குச் சொல்லப்பட்ட மிகப் பழைய போதனைகளில் ஒன்று இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. புத்தரின் உரைகளைத் தொகுக்கும் மச்சிம நிகாயத்தின் 61ஆவது சூத்திரம் புத்தர் தன் மகன் இராகுலனுக்குச் சொன்ன அறிவுரை. அப்போது இராகுலனுக்கு ஏழு வயது என்பது உரைமரபு. சூத்திரம் வயதைக் குறிப்பிடவில்லை. அம்பலட்டிகாவில் தங்கியிருந்த இராகுலன், தந்தை வருவதைப் பார்த்து இருக்கை போட்டுக் கால் கழுவத் தண்ணீரும் வைக்கிறான். காலைக் கழுவிய புத்தர் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து அதை மகனிடம் காட்டுகிறார். தெரிந்தே பொய் சொல்வதில் வெட்கமில்லாதவரிடம் துறவின் சாரம் இவ்வளவுதான் மிஞ்சும் என்கிறார். பிறகு அந்தத் தண்ணீரையும் கொட்டுகிறார், பாத்திரத்தைக் கவிழ்க்கிறார், நிமிர்த்தி வெறுமையைக் காட்டுகிறார். மூச்சைக் கவனி என்று இங்கே அவர் தொடங்கவில்லை. பேச்சில் தொடங்குகிறார். அதன் பிறகுதான் கவனத்துக்கான பயிற்சி வருகிறது. முகம் பார்க்கக் கண்ணாடி இருப்பது போல, ஒரு செயலையோ சொல்லையோ எண்ணத்தையோ அது நிகழும் முன்பும், நிகழும்போதும், நிகழ்ந்த பின்பும் பார்க்க வேண்டும். அது தனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று ஆராய வேண்டும். பின்னாளின் கல்வியாளர்கள் பல அத்தியாயங்களில் எழுதும் ஒன்று இங்கே மூன்று கால நிலைகளில் அடங்கிவிடுகிறது. இராஜஸ்தானின் பைராட்டில் கிடைத்து இப்போது கொல்கத்தா ஆசியக் கழகத்தில் இருக்கும் அசோகரின் கல்வெட்டு, துறவியரும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டியவை என்று ஏழு போதனைகளைப் பட்டியலிடுகிறது. பொய் குறித்து இராகுலனுக்குச் சொன்னது என்று அவற்றில் ஒன்றைத் தெளிவாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பேரரசர் ஒருவர் துறவியருக்கும் இல்லறத்தாருக்கும் தேர்ந்தெடுத்த ஏழில், பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கும் இந்தப் பாடமும் இருந்தது.

பழைய நூல் சொல்வதால் மட்டும் ஒரு பாடமுறை சரியாகிவிடாது. பதின்வயதினரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவையும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேர் கணினியில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை ஆடினார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது. எந்த நொடியிலும் சிவப்பு விழலாம். இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா, நிறுத்தலாமா என்பதுதான் ஆட்டம். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் நண்பர்கள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். 13 முதல் 16 வயதினர் நண்பர்கள் முன்னிலையில் அதிக ஆபத்தை மேற்கொண்டார்கள்; 24 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் நண்பர்கள் இருப்பது அத்தகைய மாற்றத்தை உண்டாக்கவில்லை. தனியாக இருக்கும்போது நிதானமாக இருக்கும் பிள்ளை கூட்டாளிகள் சூழ இருக்கும்போது வேறொருவராக மாறுகிறது. கண்ணை மூடித் தனியே பழகிய நிதானம் அந்த இடத்துக்குத் தானாக வந்து சேரும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. எந்தச் சூழலில் அது தேவையோ அந்தச் சூழலிலேயே, மற்றொரு முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பழக வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் மனவிழிப்புக்குப் பேச்சில் என்ன வேலை? கோபம் எழுவதற்கும் சொல் வெளியேறுவதற்கும் நடுவில், எழுந்தது கோபம் என்று தெரிந்துகொள்வது. மிகச் சிறிய வேலையாகத் தோன்றும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த மேத்யூ லீபர்மன் குழு 2007இல் 30 பேரின் மூளையைப் படம்பிடித்தபடி அவர்களுக்குக் கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டியது. அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. முன்மூளையின் ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. ஆய்வகத்தில் படங்களைப் பார்ப்பதும் வகுப்பறைச் சண்டையும் ஒன்றல்ல. ஆனாலும் பெயர் சொல்வது உணர்ச்சியை ஊதிப் பெரிதாக்கும் என்ற பழைய அச்சத்துக்கு அது ஒரு பதில். அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க் உருவாக்கிய வன்முறையற்ற தொடர்பாடல் என்ற முறை இந்தப் பெயர் சொல்லுதலை உரையாடலுக்குள் கொண்டுவருகிறது. 1943இல் டெட்ராய்ட் இனக்கலவரத்தைச் சிறுவனாக அருகிருந்து கண்டவர் அவர். தன் முறைக்கான பெயரைக் காந்தியின் அகிம்சையிலிருந்து எடுத்துக்கொண்டார். நடந்ததைச் சொல், உனக்குள் எழுந்த உணர்ச்சியைச் சொல், உன் தேவையைச் சொல், பிறகு கேட்க வேண்டியதைக் கேள் என்று நான்கு படிகள்.

படிகளாகச் சொன்னால் உயிரற்றுத் தோன்றும். பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி காலையில் எழுந்து பார்க்கிறாள். தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவள் நீக்கப்பட்டிருக்கிறாள். பள்ளியில் தோழியைப் பார்த்ததும் முதலில் வாயில் வருவது, "நீங்க எல்லாரும் சேந்து என்னை ஒதுக்கிட்டீங்கடி, எனக்குத் தெரியும்" என்பது. எதிரில் இருப்பவள் இதற்கு மறுப்புதான் சொல்ல முடியும். அங்கேயே பேச்சு முடிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் இன்னொரு வழி ஒன்றும் நடக்காதது போலச் சிரித்துவிட்டு உள்ளுக்குள் குமுறுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்கிறது: "நேத்து ராத்திரி குரூப்லேர்ந்து என் நம்பரை எடுத்திருக்காங்க. பாத்ததும் அழுகையே வந்துடுச்சு. நான் ஏதாவது தப்பா பேசிட்டேனான்னு தெரியணும். உனக்குத் தெரிஞ்சா சொல்றியா?" நடந்தது மட்டும் இதில் இருக்கிறது, ஒதுக்கிவிட்டார்கள் என்ற முடிவு இல்லை. அழுகை மறைக்கப்படவில்லை. எதிரில் இருப்பவள் குற்றவாளியாக்கப்படவும் இல்லை. உண்மை, கனிவு இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் அதே நான்கு வாக்கியங்களில் நிற்கின்றன. இந்தப் பேச்சு தானாக வராது. ஒதுக்கிவிட்டார்கள் என்பது தன் ஊகம், நீக்கப்பட்டது மட்டுமே தனக்குத் தெரிந்த செய்தி என்ற வேறுபாட்டைப் பேசும் முன்பே அவள் பார்த்திருக்க வேண்டும். மனவிழிப்பு செய்யும் வேலை அந்தப் பார்வைதான். அதற்கு அமைதியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அழுதுகொண்டே அதைச் சொல்லலாம்.

ஆனால் அவள் எவ்வளவு நன்றாகப் பயின்றிருந்தாலும், கேட்பவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே அந்தப் பேச்சு வெளியே வரும். குழந்தைகள் எப்போது, ஏன் பொய் சொல்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கனடாவின் விக்டோரியா தல்வார், காங் லீ இருவரின் இரண்டு ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. 2002இல் வெளிவந்த முதலாவதில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகள் ஒரு பெரியவரைப் புகைப்படம் எடுக்க வேண்டும். அவருடைய மூக்கில் பளிச்சென்று ஒரு கறை. எடுக்கும் முன் அவர், போட்டோவுக்கு நான் சரியாக இருக்கிறேனா என்று கேட்கிறார். பெரும்பாலான குழந்தைகள் ஆம் என்றார்கள். அவர் போன பிறகு இன்னொருவர் கேட்டபோது, இல்லை, அவர் சரியாக இல்லை என்று உண்மையைச் சொன்னார்கள். இங்கே பொய் ஓர் இங்கிதம். அடுத்தவர் மனம் புண்படக்கூடாது என்ற உணர்வு மூன்று வயதிலேயே முளைத்திருக்கிறது. 2011இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வு வேறொரு பொய்யைக் காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரே மாதிரியான பின்னணி கொண்ட குழந்தைகள் படிக்கும் இரண்டு பள்ளிகள். ஒன்றில் அடியும் குச்சியும் அன்றாடம், மற்றதில் தவறுக்கு அடி இல்லை, வாய்மொழிக் கண்டிப்பு போன்றவைதான். மூன்று, நான்கு வயதுக் குழந்தையை முதுகு காட்டி உட்கார வைத்து, பின்னால் இருக்கும் பொம்மையின் ஓசையைக் கேட்டு அது என்னவென்று சொல்லச் சொல்கிறார்கள். ஆய்வாளர், திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார். இரண்டு பள்ளிகளிலும் பெரும்பாலான குழந்தைகள் பார்த்துவிட்டார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது அடிக்கும் பள்ளியின் குழந்தைகள் ஏறத்தாழ எல்லோரும் இல்லை என்றார்கள். மற்றப் பள்ளியில் அப்படிச் சொன்னவர்கள் கணிசமாகக் குறைவு. அடிபடும் குழந்தைகள் பொய்யைக் காப்பாற்றுவதிலும் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். அடுத்த கேள்வியில் பொம்மையின் பெயரைத் தவறாகச் சொல்லி, பார்க்காதவர்கள் போலவே நடித்தார்கள். தண்டனை உண்மையைக் கற்றுத்தரவில்லை. தேர்ந்த பொய்யை நான்கு வயதிலேயே கற்றுத்தந்தது. என் வாதத்தின் அச்சாணி இந்த ஆய்வுதான். பிள்ளை உண்மை பேசவில்லை என்று குறைப்படும் முன், உண்மை பேசியபோது கடந்த முறை அதற்கு என்ன கிடைத்தது என்று கேட்டாக வேண்டும்.

கேட்கும் முறையை ஒரு பள்ளி முழுவதும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பெரிய சோதனை உண்டு. கிறிஸ் போனெல் குழு 2018இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு தென்கிழக்கு இங்கிலாந்தின் 40 உயர்நிலைப் பள்ளிகளில் மூன்று ஆண்டுகள் நடந்தது. பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் அனைவருக்கும், சண்டைக்குப் பிறகு சம்பந்தப்பட்டவர்களை நேருக்கு நேர் அமர வைத்து என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யலாம் என்று பேச வைக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த ஒரு குழு பள்ளி விதிகளைத் திருத்தியது. மூன்றாம் ஆண்டின் முடிவில் அந்தப் பள்ளிகளில் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானதாகச் சொன்ன அளவு குறைந்திருந்தது, மனநலமும் மேம்பட்டிருந்தது, புகைப்பதும் குடிப்பதும்கூடக் குறைந்தன. பலன் சிறியதுதான். பிள்ளைகள் தாங்களே முரட்டுத்தனம் காட்டுவதில் மாற்றம் தெரியவில்லை. இது மனவிழிப்பு ஆய்வும் அல்ல, ஆகவே மிரியட் ஆய்வோடு இதை நேரடியாக எடைபோடுவது நியாயமில்லை. ஆனாலும் உள்ளே பார்க்கச் சொன்ன பெரிய ஆய்வில் கிடைக்காத ஒன்று, ஒருவரையொருவர் கேட்க வைத்த பெரிய ஆய்வில் கிடைத்திருக்கிறது என்பதைக் கல்வித் திட்டம் வகுப்பவர்கள் புறக்கணிக்கக் கூடாது. இந்தியாவிலும் இந்தக் கேள்வி உயிருள்ளதுதான். 2018 ஜூலையில் தலாய் லாமா முன்னிலையில் தில்லி அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டம் மனவிழிப்போடு கதைக்கும் மனம்விட்டுப் பேசுவதற்கும் நேரம் ஒதுக்கியது. அந்தப் பேசும் நேரத்தை நான் அதன் மிக மதிப்புள்ள பகுதி என்று கருதுகிறேன். அதே நேரத்தில், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. அந்தப் பிரிவு ஏட்டில் மட்டும் இருக்கும் பள்ளியில் எந்த மனவிழிப்புப் பாடமும் நேர்மையான பேச்சை வளர்க்காது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது அதிகாரம் பற்றியது. கனிவாகப் பேசு என்று இளையவரிடம் சொல்வது, நடைமுறையில் அடங்கிப் பேசு என்பதாக முடிந்துவிடும். வீட்டிலும் வகுப்பிலும் ஏற்கெனவே குரல் தாழ்ந்தவர்களிடமே கூடுதல் இங்கிதத்தை எதிர்பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெண்பிள்ளையிடமும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையிடமும் அது இரட்டிப்பாக விழுகிறது. சாதிப் பெயர் சொல்லித் தன்னை இழிவுபடுத்தியவனிடம் முதலில் உன் உணர்ச்சியைச் சொல், பிறகு பணிவாகக் கேள் என்று ஒரு மாணவனுக்குச் சொல்லித்தருவது அநீதி. இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும் வாதம் நிற்கிறது. அதன் சுமை மட்டும் இடம் மாறுகிறது. பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டால், யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவரிடம். கேட்கும் பொறுப்பு முதலில் தலைமையாசிரியருக்கு, பிறகு ஆசிரியருக்கு, பெற்றோருக்கு. கனிவாகச் சொல்லும் பொறுப்பு பிள்ளைகளுக்குள் சமமானவர்களிடையே. துன்புறுத்தலைப் புகார் செய்யும் பிள்ளைக்கு எந்தத் தொனியும் நிபந்தனை ஆகக் கூடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது. நேரில் பேச முடியாத உண்மைக்குக் காகிதத்தில் ஒரு வழி. அது தேவைதான். ஆனால் பெட்டி நிறைந்துகொண்டே இருந்தால், நேரில் கேட்கும் ஆள் அந்தப் பள்ளியில் இல்லை என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம், இந்த முறையெல்லாம் பேச்சு உத்தியாகச் சுருங்கிவிடும் என்பது. நான்கு படிகளை மனப்பாடம் செய்தவர் தன் விருப்பத்தை உணர்ச்சி என்ற போர்வையில் அடுத்தவர் மேல் சுமத்த முடியும். எனக்கு வலிக்கிறது என்று சொல்லியே ஒருவரைக் கட்டுப்படுத்த முடியும். ரோசன்பர்க் முறை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை என்பதும் உண்மை. படிகளை மட்டும் கற்பிப்பதற்கு நான் வாதாடவில்லை. படிகளை உத்தியிலிருந்து பிரித்துக்காட்டுவது, கேட்டதற்கு இல்லை என்ற பதில் வந்தால் பேசியவர் என்ன செய்கிறார் என்பதுதான். தோழி எனக்குத் தெரியாது என்றோ சொல்ல விருப்பமில்லை என்றோ சொன்னால் அதைத் தாங்கிக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். வகுப்பறையில் அதிக நேரம் எடுத்துப் பழக வேண்டியது இதைத்தான். பாடநூல்களில் மிகக் குறைந்த பக்கம் பெறுவதும் இதுவே.

கனிவுக்காகப் பொய் சொல்வது தவறா என்ற கேள்வி தமிழ் வாசகருக்குத் திருக்குறள் வழியாக உடனே எழும். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, உண்மையை நிகழ்ந்ததை அப்படியே சொல்வதால் அளக்காமல், தீங்கு விளைவிக்காத சொல்லால் அளக்கிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். இனியவை கூறலை இல்லறத்திலும் வாய்மையைத் துறவறத்திலும் அவர் வைத்திருப்பதும் யோசிக்க வைக்கும் அமைப்பு. புத்தரின் நிலை இதைவிடக் கறாரானது. மச்சிம நிகாயத்தின் 58ஆவது சூத்திரத்தில், பிறருக்குப் பிடிக்காததைப் பேசுவீர்களா என்று அபய இளவரசன் கேட்கிறான். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மாட்டிக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட கேள்வி அது. இளவரசனின் மடியில் ஒரு குழந்தை இருக்கிறது. அது குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன், அதன் மேல் எனக்கு இரக்கம் இருக்கிறது என்கிறான் இளவரசன். உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருக்கும் சொல்லை, அது கசப்பானாலும் இனிப்பானாலும், காலம் அறிந்து சொல்வேன் என்பது புத்தரின் பதில். பொய்யாக இருந்தும் பயன் தரும் சொல் என்ற வகை அவர் வரிசையில் இடம்பெறவே இல்லை. இரண்டு நிலைகளில் எது சரி என்று இங்கே தீர்க்க முடியாது. உயிரைக் காக்கும் பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இளையோரின் அன்றாடப் பொய்களில் மிகச் சிலவே அந்த வகை. மூக்கில் கறை இருந்தவரிடம் சரியாக இருக்கிறீர்கள் என்ற குழந்தைக்கு உண்மையில் குறைவாக இருந்தது வேறொரு வாக்கியம். "அக்கா, போட்டோக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணாடி பாத்துக்கோங்க" என்று சொல்லப் பழகிய குழந்தைக்கு அந்தப் பொய் தேவைப்படாது. பெரியவர்களிடமும் இதே பற்றாக்குறைதான். எம்மா லெவினும் டாயா கோஹனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நாள் எல்லோரிடமும் முழு உண்மையைப் பேச வேண்டும் என்று பணிக்கப்பட்டவர்களின் அனுபவம், அப்படிப் பேசுவதாகக் கற்பனை செய்து பார்த்தவர்கள் பயந்த அளவுக்குக் கசப்பாக இல்லை. உறவு முறிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு நடப்பைவிடப் பெரிதாக இருந்தது. அமெரிக்கப் பெரியவர்களிடம் கண்ட இதை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. எதிர்பார்ப்பு எங்கே தவறுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, நேர்மையான பேச்சைக் கற்பிக்க விரும்புபவர்களுக்கே உரியது. உண்மை பேசப் பழக்குவது என்ற பெயரில் பிள்ளையின் மனதில் உள்ள எல்லாவற்றையும் வெளியே கொண்டுவர முயலும் ஆசை எளிதாக எழும். மனநலச் சிக்கலின் விளிம்பில் இருந்தவர்களுக்கு மிரியட் பாடம் பாதகமாகியிருக்கலாம் என்ற அறிகுறியை இங்கே மறக்கக் கூடாது. உள்ளே பார்க்க வைப்பதே எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. இராகுலனுக்கான அறிவுரையில் இதற்கு ஒரு நுட்பமான பதில் இருக்கிறது. செயலோ சொல்லோ பிறரைத் துன்புறுத்தியது என்று பின்னால் தெரிந்தால், அதை ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ சொல்லிவிட வேண்டும் என்கிறது சூத்திரம். எண்ணம் தவறாக எழுந்திருந்தால் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அதற்கு வெட்கப்பட்டு விலகினால் போதும் என்று விட்டுவிடுகிறது. பேசியதற்குப் பொறுப்பு உண்டு. மனதில் மட்டும் இருப்பதை ஒப்படைக்க வேண்டியதில்லை. வட்டமாக அமர்ந்து பேசும் வகுப்புகள் பலவற்றில் இதற்கு ஈடான ஒரு விதி இருக்கிறது. கையில் ஒரு பொருள் சுற்றி வரும்; அதை வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம்; விருப்பமில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். வாரக்கணக்கில் அதைக் கைமாற்றி மட்டும் விடும் பிள்ளையை வகுப்பு முடிந்ததும் தனியே நிறுத்தி, "நீ மட்டும் ஏன் ஒண்ணுமே பேசல?" என்று கேட்டால் அந்த விதி அன்றோடு செல்லாததாகிவிடும். ஆசிரியர் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தர வேண்டியது, அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது.